முதுகு சொன்ன வசனம்

முதுகு என்பது ஓர் ஆளின் பெயர். இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துவிடக் கூடாதே என்று முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அண்ணன் பேர் போன நடிகர். தம்பிக்கு அதே உயரம், அதே தோள், அதே நடை. அண்ணன் இரட்டை வேடம் போடும் படத்திலெல்லாம் எதிரில் நின்று அவரோடு பேசுகிற இன்னொரு ஆள் இவன்தான். திரையில் இவன் முகம் வராது, முதுகு வரும். எந்தப் புண்ணியவானோ அதையே பேராக வைத்துவிட, 'முதுகைக் கூப்பிடு', 'முதுகு சாப்பிட்டாச்சா' என்று அதுவே நிலைத்துவிட்டது. அவனுக்கு அதில் வருத்தமே கிடையாது. வருத்தமெல்லாம் நமக்குத்தான்.

சென்ற வாரம் படப்பிடிப்புத் தளத்தின் பின்படிக்கட்டில் அவன் டீயோடு நின்றுகொண்டிருந்தபோது அண்ணி வந்தாள். அவள் சொன்னதைக் கேட்டு டீயைக் குடிக்காமலே கீழே வைத்தான். அந்த இடத்தில் விட்டிருந்தோம்.

அண்ணனுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. அசதி இல்லை, வேலைப்பளு இல்லை, வியாதி. டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் வசனத்தை மறக்கிறார் என்பது தம்பிக்கு முன்னாலேயே தெரியும். எதிரில் நின்று உதட்டை அசைத்து எடுத்துக் கொடுப்பதே அவன்தானே! தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான், மடையன்.

"முகமெல்லாம் மறக்கறதுக்கு இன்னும் நாளாகும்னு டாக்டர் சொல்றார் தம்பி," என்றாள் அண்ணி. "படம் முடியற வரைக்கும் வெளியில தெரியக் கூடாதாம். முக்கியமா உனக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

இன்று படத்தின் கடைசி நாள். ஒரே ஒரு ஷாட் பாக்கி. அதை அண்ணன் தடுமாறாமல் முடித்துவிட்டால் மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். தடுமாறினால், தளத்தில் இருக்கிற அத்தனை பேர் கையிலும் போன் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் உலகத்துக்கே தெரிந்துவிடும்.

படம் ஒரு விண்வெளிக் கதை. இந்த மாதிரிப் படங்களில் அண்ணன் தம்பி என்று இருவர் வந்துவிட்டாலே முடிந்தது. ஒருவன் போவான், ஒருவன் காத்திருப்பான். ஒருவன் கதவுக்கு அந்தப் பக்கம், மற்றவன் இந்தப் பக்கம். ராக்கெட்டில் எண்ணெய் இல்லாவிட்டால்கூட ஓட்டிவிடுவார்கள், அண்ணன் தம்பி இல்லாமல் ஓட்ட மாட்டார்கள். இந்தப் படத்தின் டைரக்டரிடம் யாரோ அதையே கேட்டதற்கு, அவ்வளவு தூரம் போகிறவனைத் திட்டிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டாமா என்று அவள் திருப்பிக் கேட்டாளாம். சின்ன வயசு டைரக்டர், ஆனால் விவரமானவள்.

கதை இதுதான். அண்ணன் ராக்கெட்டில் போகிறான். அங்கே அவனுக்கு ஓடுவது இரண்டே வருஷம், இங்கே பூமியில் முப்பது ஓடிவிடுகிறது. திரும்பி வந்து பார்த்தால் தம்பி கிழவன். அண்ணனாகப் போனவன் தம்பியைப் போல வந்து நிற்கிறான். இளமையான அண்ணன், கிழட்டுத் தம்பி, இரண்டுமே நம் அண்ணன்தான்.

இன்றைக்கு எடுக்கப்போவது அந்தச் சந்திப்பை. கேமராவை ஓரிடத்தில் ஊன்றி, கால்களில் மணல் மூட்டை போட்டு, 'தொட்டால் கை இருக்காது' என்று ஒரு அட்டையும் தொங்கவிட்டிருந்தார்கள். தரையில் நடுவே ஒரு வெள்ளை டேப். காலையில் இடது பக்கம் அண்ணன் விண்வெளி உடையில் நடிப்பார், வலது பக்கம் தம்பி சும்மா நிற்பான். மத்தியானம் கேமரா நகராமல், விளக்கு மாறாமல், ஆட்கள் மட்டும் பக்கம் மாறுவார்கள். பிறகு இரண்டிலும் அண்ணன் இருக்கிற பாதியை எடுத்து ஒட்டிவிடுவார்கள். தம்பி நின்ற பாதிகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் ஒட்டும்போது கை துண்டாகிப் போகும். ஆகவே கோட்டை யாரும் தாண்டக் கூடாது, என்ன ஆனாலும் சரி.

விண்வெளி உடைக்கு ஜிப் முதுகுப் பக்கம் இருந்தது. தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது. காலையில் தம்பிதான் அண்ணனுக்கு ஜிப்பை இழுத்துவிட்டான். இழுக்கும்போது கை நடுங்கியது.

"என்னடா, உனக்குக் குளிருதா?" என்று அண்ணன் கேட்டார். வழக்கமான கேலிக் குரல். இவருக்கா வியாதி என்று அந்த ஒரு நிமிஷம் அவனுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. டாக்டர்கள் தப்பாகச் சொல்வது இல்லையா என்ன?

சிறு வயதில் இருவரும் விண்வெளிப் படங்களாகத் தேடித் தேடிப் பார்த்தவர்கள். பார்த்துவிட்டு வந்ததும் வீட்டில் ராக்கெட் விளையாட்டு தொடங்கிவிடும். அலமாரி மேல் ஏறிக்கொள்வது அண்ணன். மேஜைக்கு அடியில் டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தம்பி. "கண்ட்ரோல் ரூம் ரெடி. போயிட்டு வா," என்பது தம்பியின் வசனம். ஒரு நாளாவது நான் அலமாரியில் ஏறுகிறேன் என்று அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

காலை ஷாட் தொடங்கியது. வெள்ளைப் பலகைச் சுவர், சுவர் நிறைய மினுக்கும் விளக்குகள், சர்ரென்று விலகும் கதவு. கதவை நகர்த்தியது அந்தப் பக்கம் கயிற்றோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர். அண்ணன் உள்ளே வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, 'வயசாயிடுச்சுடா உனக்கு' என்று சொல்ல வேண்டும். முதல் வசனம் அதுதான்.

வந்தார். நின்றார். தம்பியைப் பார்த்தார்.

வசனம் வரவில்லை. தம்பி உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தான். அண்ணன் அவன் உதட்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் முன்பின் தெரியாத ஒருவர் வணக்கம் சொன்னால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

"நீ யாரு?" என்றார்.

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஸ்கிரிப்டில் அப்படி ஒரு வரியே இல்லை. நடிப்போ என்று நினைக்கவும் வழியில்லை. அண்ணன் எந்த வசனத்தைப் பேசுவதற்கு முன்பும் இடது புருவம் ஒரு நூல் ஏறும். வெளியாருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும். இப்போது புருவம் ஏறவில்லை. மனுஷன் நிஜமாகவே கேட்கிறார்.

முகம் மறக்க நாளாகும் என்றார்களே! யார் முகம் மறந்தாலும் என் முகமா முதலில் மறக்க வேண்டும்? கை தானாக அண்ணனைப் பிடிக்கப் போனது. கீழே கோடு. கையை இழுத்துக்கொண்டான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நொடி போனால் டைரக்டர் 'கட்' சொல்வாள், என்ன சார் ஆச்சு என்று கூட்டம் கூடும், அண்ணன் அவர்களையும் யார் என்று கேட்பார். அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது?

வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"உன் தம்பி. வயசாயிடுச்சு, அதான் தெரியல."

அண்ணன் அதை மெல்ல வாங்கிக்கொண்டார். 'வயசாயிடுச்சு' என்ற சொல் எங்கோ போய்த் தட்டியிருக்க வேண்டும். கண் தெளிந்தது. புருவம் ஏறியது.

"ஆமா. வயசாயிடுச்சுடா உனக்கு," என்றார். அதற்கப்புறம் ஒரு பிசகு இல்லை. உனக்கு மட்டும் ஆகலையே என்று தம்பி கேட்க வேண்டிய இடத்தில் கேட்டான். இனிமே உன்னை நான் அண்ணான்னு கூப்பிடறதா, தம்பின்னு கூப்பிடறதா என்று கிழவன் கேட்கும் வேடிக்கையான வரிக்கு, அண்ணன் சிரிக்க வேண்டிய சிரிப்பைச் சரியாகச் சிரித்தார்.

டைரக்டர் 'கட்' சொன்னதும் தளமே கைதட்டியது.

தம்பிக்குக் காது அடைத்துக்கொண்டது. எதற்குத் தட்டுகிறார்கள்? ஒரு மனுஷன் கூடப்பிறந்தவனை மறந்துபோனதற்கா? டைரக்டர் ஓடி வந்து, எழுதினவளுக்கே தோன்றாதது உங்களுக்குத் தோன்றியதே சார், திரும்பி வந்தவனுக்குத் தம்பியை அடையாளம் தெரியவில்லை என்பதை விட வேறென்ன வேண்டும், படமே இதில்தான் நிற்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. பாவம், அவள்மேல் என்ன தப்பு? அண்ணன் ஒன்றும் புரியாமல் சிரித்துவைத்தார். பாராட்டினால் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை.

பிறகு டைரக்டர் தம்பியிடம் திரும்பி, அவன் சொன்ன பதில் பிரமாதம், அது அப்படியே இருக்கட்டும், மத்தியானம் சார் கிழவர் வேஷத்தில் அந்த வரியைச் சொல்வார் என்றாள். நீ அவர் கேட்ட மாதிரியே, அதே இடைவெளி விட்டு, 'நீ யாரு' என்று கேட்க வேண்டும் என்றாள்.

தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். இதை நான் அவரிடம் கேட்பதா?

மத்தியானம் மேக்கப் அறையில் அண்ணனுக்கு முகமெல்லாம் ரப்பர் பால் தடவி, காற்றில் காய வைத்துச் சுருக்கம் வரவழைத்தார்கள். நரைத்த விக், நரைத்த தாடி. அண்ணி மூலையில் உட்கார்ந்து வசனத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். தம்பி அவளை நடைவழிக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்திவிடலாமா என்று அவன் கேட்டதற்கு, இன்னும் ஒரே ஒரு தடவைதான், அதோடு முடிந்தது, எப்படியாவது கரை சேர்த்துவிடு என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள்.

இந்தத் தடவை விண்வெளி உடை தம்பிக்கு. ஜிப் எட்டவில்லை. அவன் திணறுவதைப் பார்த்துக் கிழவர் வேஷத்தில் இருந்த அண்ணன் தானாக எழுந்து வந்தார். ஜிப்பை மேலே வரை இழுத்துவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கண்ட்ரோல் ரூம் ரெடி. போயிட்டு வா," என்றார்.

தம்பிக்கு உயிர் வந்தது. ஞாபகம் இருக்கிறது! எவ்வளவு பழைய சமாசாரம், அதைக்கூட மறக்கவில்லையே! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவனுக்கு. அது என்னோட டயலாக் ஆச்சே என்று கேலி செய்தான். அண்ணன் ஒரு கணம் புரியாதவர் போலப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது பாதி ஆரம்பமானது. கதவு விலக, தம்பி உள்ளே வந்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றான். எதிரே நாற்காலியில் நரைத்த தலையோடு அண்ணன். இவன் 'நீ யாரு' என்று கேட்க வேண்டும்.

நாக்கு எழவில்லை.

இத்தனை வருஷத்தில் முதுகு வசனத்தில் தவறியதாகச் சரித்திரமே இல்லை. லைட் போடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டைரக்டர் கோபப்படாமல், இன்னொரு தடவை போகலாம் என்றாள். மறுபடி கதவு, மறுபடி நடை, மறுபடியும் வசனம் வரவில்லை. அண்ணன் நாற்காலியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பயப்படாதே, கேளு என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார். வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது தடவை கண்ணை அண்ணனின் தாடியில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டான். "நீ யாரு?"

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோட்டருகில் வந்து நின்றார். உதடு துடித்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடிக்குள் போனது.

"உன் தம்பி," என்றார். "வயசாயிடுச்சு. அதான் தெரியல."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. கயிறு இழுக்கிறவர்கள் கதவை மூட மறந்துபோய் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். 'கட்' சொல்ல வேண்டியவள் சொல்லவே இல்லை. ஒலிப்பதிவுக்காரர்தான் ஞாபகப்படுத்தினார்.

முடிந்தது. கரை சேர்ந்தாயிற்று. ஒருத்தருக்கும் தெரியாது. வந்தவர் போனவர் எல்லாம் அண்ணன் கையைக் குலுக்கினார்கள். அண்ணி காரைப் பின்வாசலுக்குக் கொண்டுவரப் போனாள். தம்பி அண்ணனை மெல்ல நடத்திக்கொண்டு மேக்கப் அறைக்குள் கூட்டிப்போய்க் கண்ணாடி முன்னால் உட்காரவைத்தான். கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

ஒன்று மட்டும் அவனுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பதிலைச் சொல்லும்போது அண்ணனின் புருவம் ஏறியதா? ரப்பர் சுருக்கத்தில் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

விக்கைக் கழட்டுவதற்காகப் பின்னால் வந்து நின்றான். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். நாற்காலியில் நரைத்த தாடிக் கிழவர். பின்னால் விண்வெளி உடையில் நரையில்லாத ஒருவன்.

அண்ணன் கண்ணாடியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் நீட்டித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே தரையில் கோடு எதுவும் இல்லை.

"எப்ப வந்தே அண்ணா?" என்று கேட்டார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தான். படத்தில் அந்தக் கிழவன் கேட்கிற கேள்வி மாதிரியே இருந்தது. ஷாட் முடிஞ்சு போச்சு அண்ணா, போதும் என்று சொல்ல வாயெடுத்தான்.

"ரொம்ப நாளாக்கிட்ட," என்றார் அண்ணன். குரலில் ஒரு சின்னப் பையனின் கோபம். "மேஜைக்கு அடியிலயே உக்காந்திருந்தேன். எல்லாரும் எழுந்து வா, எழுந்து வான்னாங்க. நீ இறங்கற வரைக்கும் வரமாட்டேன்னுட்டேன்."

தம்பிக்கு அப்போதுதான் புரிந்தது. ஜிப் போடும்போது சொன்னாரே, அது கேலி இல்லை. அப்போதே போய்விட்டிருக்கிறார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாரே, அது நடிப்பு இல்லை. 'உன் தம்பி' என்று அவர் சொன்னது வசனமே இல்லை. என்னை மறந்தால்கூடப் பரவாயில்லையே, என் அண்ணனையே தொலைத்துவிட்டு என்னை எடுத்துப் போட்டுக்கொண்டாரே என்று அவனுக்குக் கதறத் தோன்றியது.

கதறினால் பயந்துவிடுவார்.

"அண்ணா, வீட்டுக்குப் போலாமா?" என்றார் அவர்.

வாழ்நாளில் அவரை ஒருமுறைகூட அவன் 'டா' போட்டதில்லை.

"போலாம்டா," என்றான். "விக்கைக் கழட்டிட்டுப் போலாம்."

அண்ணன் சமர்த்தாகத் தலையைக் குனிந்து காட்டினார். தம்பி ஓரத்திலிருந்து மெல்ல விக்கை உரித்தான். உள்ளே அண்ணனின் சொந்தத் தலைமயிர் வேர்த்து ஒட்டிக்கிடந்தது. துண்டால் துடைத்துவிட்டான். கை நடுங்கக் கூடாது, நடுங்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தான்.

நிமிர்ந்தபோது கண்ணாடியில் மூன்றாவதாக ஒரு முகம் தெரிந்தது.

கதவு திறந்திருந்தது. டைரக்டர் நின்றுகொண்டிருந்தாள், அண்ணனுக்காகக் கொண்டுவந்த பூங்கொத்தோடு. அது கையில் சரிந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

அண்ணன் அவளைக் கண்ணாடியில் பார்த்தார். தம்பியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரகசியம் போல மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, அது யாரு?"